திசைகள் முடியும் இடத்தில் ஒரு நீகான்



வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் நம்மில் எவரும் தயங்காமல் கை நீட்டிக் காட்டிவிடுவோம். இரவிலே ஐயம் வந்தால் துருவ நட்சத்திரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நின்று பார்ப்பவருக்கு அது வட அடிவானத்திலிருந்து ஏறத்தாழ பத்துப் பாகை உயரத்தில் தெரியும். வடக்கே போகப் போக அந்த நட்சத்திரம் மேலே ஏறும். நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, அத்தனை பாகையே அதன் உயரம். அப்படியே போய் வடதுருவத்தை அடைந்தால் அது நேர் உச்சிக்கு வந்துவிடும். அங்கே நிற்பவனுக்கு வடக்கு என்று ஒன்று இல்லை. கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குத்தான்.

அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு ஆகாய மார்க்கமாகச் சென்று, "இதுதான் அந்த இடம்" என்று கணித்துச் சொன்ன ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் நோர்வே நாட்டவர். பெயர் யல்மார் றீசர்-லார்சன்.

அவருடைய தொழிலைத் தமிழில் எப்படிச் சொல்வது? நான் தமிழாசிரியன் ஆகையால் இந்தக் கேள்வி எனக்கு முதலில் எழுகிறது. விமானத்தை ஓட்டுபவரை விமானி என்கிறோம். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருந்து, இப்போது எங்கே இருக்கிறோம், இனி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்பவருக்கு நம்மிடம் வழக்கில் ஊன்றிய சொல் இல்லை. பழந்தமிழில் நீகான் என்றொரு சொல் உண்டு. அகநானூற்றுப் பாட்டு ஒன்றிலே, இரவுக் கடலில் உயர்ந்த மாடத்தின் விளக்கொளியைக் கண்டு கலத்தைச் செலுத்துகிறவன் அவன். கலம் கடலில் போனால் என்ன, காற்றில் போனால் என்ன, வேலை ஒன்றுதான். ஆகவே றீசர்-லார்சனை நான் நீகான் என்றே அழைக்கப் போகிறேன். ஆனால் அவர் போன இடத்தில் மாடமும் இல்லை, விளக்கும் இல்லை.

அந்த இடத்தின் சிக்கல்களை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அவை மூன்று.

முதலாவது, திசைகாட்டி. அதன் ஊசி புவியின் வடதுருவத்தைக் காட்டுவதில்லை. காந்தத் துருவத்தையே காட்டுகிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் றொஸ் என்ற ஆங்கிலேயர் அந்தக் காந்தத் துருவம் கனடாவின் வடகோடியில் இருப்பதைக் கண்டார். அது ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1920களில் அது உண்மையான துருவத்திலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் விலகிக் கிடந்தது. அதன் அண்மையில் போகும்போது ஊசியைக் கிடையாக இழுக்கும் விசை குன்றிவிடுகிறது. ஊசி சோம்பி அலைகிறது.

இரண்டாவது, நெடுங்கோடுகள். தோடம்பழத்தின் சுளைகள் நடுவில் அகன்று நுனியில் ஒன்றுகூடுவதுபோல, நெடுங்கோடுகள் எல்லாம் துருவத்தில் ஒன்றுகூடுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே நேராகப் பறந்தாலும் நிமிடத்துக்கு நிமிடம் திசையின் எண் மாறிக்கொண்டே போகும். விமானம் திரும்பவில்லை, கணக்குத் திரும்பிவிடுகிறது.

மூன்றாவது, பார்வை. கீழே பனி, மேலே பனிமூட்டம். மலை இல்லை, ஆறு இல்லை, ஊர் இல்லை. கோடை மாதங்களில் சூரியன் மறைவதே இல்லையாதலால் நட்சத்திரங்களும் இல்லை. நீகானுக்கு எஞ்சியிருப்பது ஒரு சூரியன், ஒரு மணிக்கூடு, சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்ரன்ற் என்ற கோணமானி. இவ்வளவுதான்.

றீசர்-லார்சன் 1890ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி, இன்று ஒஸ்லோ என வழங்கும் நகரில் பிறந்தார். 1909இல் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். 1915இல் அப்போதுதான் தோன்றியிருந்த கடற்படை விமானப் பிரிவுக்கு மாறினார். பெரிய உடல்வாகும் அமைதியான சுபாவமும் உடையவர். கப்பலின் நீகானுக்குரிய பழைய வித்தையும் விமானியின் புதிய வித்தையும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தது அந்நாளில் அரிது.

அவரை உலகறியச் செய்தது றோல்ட் அமுண்ட்செனோடு ஏற்பட்ட தொடர்பு. 1911இல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்செனின் பெயர் நமக்குப் பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் புத்தகங்களிலேயே பழக்கமானது. அவர் இப்போது வடதுருவத்தை வான்வழியே அடைய விரும்பினார். அமெரிக்கரான லிங்கன் எல்ஸ்வேர்த் பண உதவியோடு துணைக்கு வந்தார். 1925 மே 21ஆம் திகதி, ஸ்பிட்ஸ்பேர்கன் தீவிலுள்ள கிங்ஸ் பே என்ற துறையிலிருந்து என்-24, என்-25 என்ற இரண்டு கடல் விமானங்கள் ஆறு பேருடன் கிளம்பின. என்-25ஐ ஓட்டியவர் றீசர்-லார்சன்.

பாதி எரிபொருள் தீர்ந்தபோது இடமறிவதற்காகப் பனிக்கிடையே தெரிந்த நீர்ப்பரப்பில் இறங்கினார்கள். கணக்குப் பார்த்தபோது 87 பாகை 44 கலையில் நின்றார்கள். துருவத்துக்கு இன்னும் 250 கிலோமீற்றர். வழியில் காற்று அவர்களை மேற்கே தள்ளியிருந்தது. விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் பார்க்க, விமானம் வேறொரு பக்கம் போயிருக்கிறது. ஓடும் ஆற்றைக் குறுக்கே நீந்துபவன் கீழ்க்கரையில் போய் ஏறுவதைப் போன்றது இது.

இரண்டு விமானங்களில் ஒன்று சேதமாகிவிட்டது. ஆறு பேரும் மற்றதில்தான் திரும்ப வேண்டும். அது மேலெழுவதற்கு ஓடுபாதை வேண்டும். ஏறத்தாழ மூன்றரைக் கிழமை, அளந்து கொடுத்த சொற்ப உணவோடு, கைக்கெட்டிய கருவிகளால் நூற்றுக்கணக்கான தொன் பனியை வெட்டியும் மிதித்தும் பாதை அமைத்தார்கள். அமைத்த பாதைகள் உடைந்தன. வேறிடம் தேடினார்கள். யூன் 15ஆம் திகதி, இன்றியமையாதவை தவிர எல்லாவற்றையும் பனியில் எறிந்துவிட்டு, ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு என்-25ஐ மேலே எழுப்பினார் றீசர்-லார்சன். ஸ்பிட்ஸ்பேர்கனுக்குக் கிழக்கேயுள்ள தீவின் கரையோரக் கடலில் இறங்கி, கடல்நாய் வேட்டைக்கப்பல் ஒன்றினாற் காப்பாற்றப்பட்டு அவர்கள் திரும்பி வந்தபோது, இறந்துவிட்டார்கள் என்று எண்ணியிருந்த உலகம் வியந்தது.

அந்தப் பயணத்தை வீரக்கதையாக மட்டும் படித்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். பனிவெளியின் மேலே காற்றின் தள்ளுதலை அளக்காமல் நேராகப் போக முடியாது என்பதை அது உயிரைப் பணயம் வைத்துக் கற்பித்தது. அடுத்த ஆண்டுப் பயணம் அந்தப் பாடத்தின்மேல் கட்டப்பட்டது.

அடுத்த ஆண்டு அவர்கள் நம்பியது ஆகாயக் கப்பலை. இங்கிலாந்தில் ஆகாயக் கப்பற் பயிற்சி பெற்றிருந்த றீசர்-லார்சன், இத்தாலியில் உம்பேர்ட்டோ நோபிலே என்ற பொறியியலாளர் கட்டிய என்-1 என்ற கலத்தை அமுண்ட்செனுக்கு எடுத்துச் சொன்னார். 106 மீற்றர் நீளமுள்ள அந்தக் கலம் நோர்வே அரசின் கொடியோடு 'நோர்கே' என்று பெயர் பெற்றது. அதைச் செலுத்தும் பொறுப்பு நோபிலேக்கு. நீகான் றீசர்-லார்சன்.

1926 மே 11ஆம் திகதி காலை, பதினாறு பேரோடும் நோபிலேயின் சிறு நாய் ஒன்றோடும் நோர்கே கிங்ஸ் பேயை விட்டுப் புறப்பட்டது. நீகானின் கையில் பலவகைக் கருவிகள் இருந்தன. சூரியத் திசைகாட்டி ஒன்று. அதனுள் ஒரு மணிக்கூட்டுப் பொறி சூரியனுக்கு ஈடாகச் சுழலும். கலம் சரியான பாதையிற் போனால் சூரியனின் விம்பம் கண்ணாடித் தட்டின் நடுவே நிற்கும். விலகினால் விம்பமும் விலகும். காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதைக் கீழே ஓடும் பனியைப் பார்த்து அளக்க ஒரு கருவி. திசையை உறுதிசெய்ய வானொலி அலைகள். ஒன்றை நம்பாமல் ஒன்றை ஒன்றால் சரிபார்த்தபடியே அவர் வடக்கே போனார்.

இனி அந்தக் கணம். அதை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

துருவத்தில் நிற்பவனுக்குச் சூரியன் எழுவதும் இல்லை, விழுவதும் இல்லை. நாள் முழுவதும் ஒரே உயரத்தில் அடிவானத்தைச் சுற்றி வருகிறது. அந்த உயரம், அன்றைய நாளில் சூரியன் மத்திய கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கே இருக்கிறதோ அத்தனை பாகை. மே 12ஆம் திகதிக்கு அது ஏறக்குறைய 18 பாகை. வானியற் பஞ்சாங்கத்திலிருந்து இந்த எண்ணை முன்கூட்டியே எடுத்துவிடலாம். றீசர்-லார்சன் செய்தது இதுதான்: கோணமானியைத் துருவத்தில் இருக்க வேண்டிய உயரத்துக்கே முன்னதாகத் திருப்பி வைத்துவிட்டு, கலத்தின் வலப்பக்கத்து யன்னலருகே முழந்தாளில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலம் வடக்கே போகப் போக, கருவிக்குள் சூரியனின் விம்பம் மெல்ல மெல்ல உரிய கோட்டை நெருங்கியது. கிறீனிச் நேரம் 1 மணி 25 நிமிடத்துக்கு விம்பம் கோட்டைத் தொட்டது. இதுதான் துருவம் என்று அறிவித்தார்.

கலம் தாழ்ந்து பறந்தது. நோர்வே, அமெரிக்கா, இத்தாலி ஆகிய மூன்று நாட்டுக் கொடிகள் பனியில் இறக்கப்பட்டன. அன்று எல்ஸ்வேர்த்தின் பிறந்தநாளும்கூட. கீழே பார்த்தவர்களுக்கு முன்னே கிடந்த பனிக்கும் பின்னே கிடந்த பனிக்கும் ஒரு வேறுபாடும் தெரிந்திராது. பதினாறு பேர் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிந்த வெண்மையில், ஒரு புள்ளி மட்டும் துருவம் என்பதற்கு இருந்த ஒரே சான்று முழந்தாளில் நின்ற அந்த மனிதனின் எண்தான்.

இந்த இடத்தில்தான் என் கட்டுரையின் உயிர்ப்பகுதி இருக்கிறது. ஓர் ஊருக்குப் போனேன் என்று சொன்னால், ஊரார் சாட்சி சொல்வார்கள். வடதுருவத்துக்குச் சாட்சி இல்லை. மிதக்கும் பனியில் நட்ட கொடியும் பனியோடு நகர்ந்து போய்விடும். ஆகவே துருவத்தை அடைந்தேன் என்பது, முடிவிலே, ஒரு மனிதன் எழுதி வைத்த கணக்கின் நேர்மைதான்.

வரலாறு இதைக் கடுமையாகவே காட்டியிருக்கிறது. 1908இல் துருவத்தை அடைந்ததாகப் பிரெடரிக் குக் சொன்னார். 1909இல் அடைந்ததாக றொபேர்ட் பியரி சொன்னார். இருவர் கூற்றும் இன்றுவரை ஐயத்துக்குரியவை. நோர்கே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர், மே 9ஆம் திகதி, அதே கிங்ஸ் பேயிலிருந்து அமெரிக்கரான றிச்சர்ட் பேர்ட், விமானி புளொயிட் பெனற்றோடு சென்று, பதினைந்தரை மணி நேரத்தில் துருவத்தைக் கண்டு திரும்பியதாக அறிவித்தார். பேர்ட் தாமே தேர்ந்த நீகான். அமுண்ட்சென் குழுவினர் அவரை மனமுவந்து பாராட்டினார்கள். ஆனால் அந்த விமானத்தின் வேகத்துக்கு அந்த நேரம் போதுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 1996இல் அவருடைய நாட்குறிப்பு வெளிவந்தபோது, அழிக்கப்பட்டும் படிக்கக்கூடியதாக இருந்த கோணமானி எண்கள் அந்த ஐயத்தை இன்னும் வளர்த்தன. அவருக்காக வாதிடுவோரும் இருக்கிறார்கள்; தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் வடதுருவத்தை முதலில் அடைந்தவர்கள் நோர்கேயின் பதினாறு பேருமே என்று இன்று பல ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

துருவத்தைக் கடந்ததோடு வேலை முடியவில்லை. அப்பால் அலாஸ்கா வரை கிடந்த பரப்பை அதுவரை எவரும் கண்டதில்லை. அங்கே பெருநிலம் ஒன்று இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் எண்ணியிருந்தனர். நோர்கே போன வழியில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. இல்லை என்று கண்டறிவதும் ஒரு கண்டுபிடிப்பே. பனிமூட்டம் சூழ்ந்தது. சூரியத் திசைகாட்டி உறைபனியால் மூடப்பட்டுப் பயனற்றுப் போனது. வானொலிக் கம்பியும் உறைந்து செய்தி நின்றது. உந்துவிசிறிகளில் படிந்த பனித்துண்டுகள் சிதறிப் பறந்து கலத்தின் உறையைக் கிழித்தன. இந்த நிலையிலும், புறப்பட்டு ஏறத்தாழ 46 மணி நேரத்தின்பின் அலாஸ்காக் கரை தெரிந்தது. கரையோரமாகப் போகையில் அமுண்ட்சென் முன்பு தங்கியிருந்த வீடு கண்ணில் பட்டது. அதுவரை எண்ணாக இருந்த இடம் அப்போது ஊராயிற்று. மே 14ஆம் திகதி ரெல்லர் என்ற சிற்றூரில் கலம் இறங்கியது. கடந்த தூரம் 5,000 கிலோமீற்றருக்கு மேல்.

அதன்பின் புகழைப் பங்கிடுவதில் அமுண்ட்செனும் நோபிலேயும் கசப்புற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து நோபிலே 'இத்தாலியா' என்ற கலத்தில் மீண்டும் துருவம் சென்றார். 1928 மே 25ஆம் திகதி திரும்பும் வழியில் அது பனியில் மோதியது. தேடப் போனவர்களுள் றீசர்-லார்சனும் அவர் தோழர் லுட்சோ-ஹோல்மும் இருந்தனர். யூன் நடுப்பகுதியில் பனியிற் கிடந்தவர்கள் நோர்வே விமானங்களைக் கண்டார்கள். விமானத்தில் இருந்தவர்கள் அவர்களைக் காணவில்லை. விமானங்கள் திரும்பிப் போயின.

பழுதில்லாக் கண்ணும் கணக்கும் உடையவர்களுக்கே இது நேர்ந்தது. அவர்கள் கிடந்த பனித்தட்டே நகர்ந்துகொண்டிருந்தது. நேற்றுக் கணித்த இடம் இன்று வேறிடம். யூன் 20ஆம் திகதி, இத்தாலிய விமானி மடலேனாவுக்குக் கீழேயிருந்தவர்களே வானொலியால் வழி சொன்னதால்தான் அவர்களைக் காண முடிந்தது. துருவத்தை எண்ணால் கண்டுபிடித்தவர், சில கிலோமீற்றருக்குள் நின்ற மனிதரைக் காணவில்லை. நீகானின் அறிவுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்காமல் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. நோபிலேயைத் தேடப் போன அமுண்ட்சென் திரும்பவே இல்லை.

1929-30இல் றீசர்-லார்சன் தென்துருவக் கண்டத்துக்குச் சென்றார். திமிங்கில வேட்டை முதலாளியான லார்ஸ் கிறிஸ்ரென்சன் அனுப்பிய 'நோர்வேஜியா' கப்பலிலிருந்து லுட்சோ-ஹோல்மோடு விமானமேறி, எவரும் வரையாத கரைகளை வரைபடத்தில் ஏற்றினார். அப்பகுதி மோட் அரசி நிலம் என வழங்குகிறது. இந்தியாவின் மைத்திரி ஆய்வு நிலையம் இருப்பதும் அந்நிலத்திலேதான். அங்கு ஒரு பனித்தட்டும் ஒரு கடலும் றீசர்-லார்சன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1933இல் அங்கே நாய்வண்டியோடு மீண்டும் இறங்கியபோது காலின் கீழிருந்த பனி உடைந்து சிதறியது. திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று வந்து மீட்டது.

1940இல் ஜேர்மனி நோர்வேயைக் கைப்பற்றியது. நாட்டை இழந்த விமானப்படைக்குக் கனடாவில் ரொறன்ரோ நகரின் ஏரிக்கரையில் ஒரு பயிற்சிப் பாசறை அமைந்தது. அதற்குச் 'சின்ன நோர்வே' என்று பெயர். அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் றீசர்-லார்சன். நம்மவர் பலர் இன்று வாழும் அந்த நகரத்தில், ஒரு காலத்தில் வேறொரு சிறிய இனமும் தன் நாட்டின் பெயரைக் கூடவே கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தது என்பதை அறியும்போது மனம் சற்று நின்றுதான் போகிறது.

போருக்குப் பின் அவர் பயணிகள் விமான சேவைக்குத் திரும்பினார். ஸ்கண்டிநேவிய நாடுகள் மூன்றும் சேர்ந்து எஸ்.ஏ.எஸ். என்ற விமான நிறுவனத்தை அமைத்தன. புவிக்கோளத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: கோப்பன்ஹேகனிலிருந்து லொஸ் ஏஞ்சலிசுக்கு மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்து கிறீன்லாந்தைத் தொட்டுப் போகும். அந்த வழியே 1954 நவம்பர் 15ஆம் திகதி பயணிகள் விமானம் பறந்தது. நெடுங்கோடுகள் கூடும் சிக்கலுக்கு வரைபடத்தின்மேல் ஒன்றுக்கொன்று சமாந்தரமான சதுரக்கோடுகளைப் போட்டு, அவற்றையே திசையாகக் கொண்டார்கள். காந்த ஊசிக்குப் பதிலாகக் காந்தத்தை நாடாத கைரோ என்ற சுழற்பொறியை வைத்தார்கள். கனடாவின் கீத் கிறீனவே போன்றோர் இந்த முறையைச் செப்பஞ்செய்து நூலாகவே எழுதினர். 1926இல் ஒருவர் முழந்தாளில் நின்று கண்டது, 1954இல் விமானத்தில் உணவருந்தியபடி செல்லும் பயணிக்கு உரியதாயிற்று. அடுத்த ஆண்டு றீசர்-லார்சன் ஓய்வு பெற்றார். 'அரசருக்காக ஐம்பது ஆண்டுகள்' என்ற பொருள்படும் பெயரில் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதி வைத்துவிட்டு, 1965 யூன் 3ஆம் திகதி காலமானார்.

இலக்கிய நிகழ்ச்சியில் ஒரு நீகானுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எழுதுபவனுக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு என்றே நான் நினைக்கிறேன். சாட்சி இல்லாத இடத்தில் தான் கண்டதை எழுதி வைப்பவன் எழுத்தாளன். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே வெண்மையாகத் தெரியும் இடத்தில், "நாம் இங்கே இருக்கிறோம்" என்று சரியாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவனுக்கும் உண்டு. ஓர் எண்ணைச் சற்றுத் திருத்தி எழுதிவிட்டால் அன்று எவருக்கும் தெரியாது. எழுபது ஆண்டு கழித்து ஒருவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.